பரோசாவில் ஒரு பகல்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டு மாநகரைச் சதுரம் சதுரமாக வகுத்து, சுற்றிலும் புல்வெளிகளையும் சோலைகளையும் அரணாக நிறுத்தி நிருமாணித்த கர்னல் வில்லியம் லைட் என்பார், தமிழர் பல தலைமுறைகளாகக் குடியேறி வாழ்ந்துவரும் பினாங்குத் தீவில் 1786-ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் துறைமுக நகரை நிறுவிய பிரான்ஸிஸ் லைட்டின் புதல்வர். தந்தை கீழ்க்கடலில் ஒரு நகரை நாட்டினார். மைந்தர் தென்கடற்கரையில் மற்றொன்றை நாட்டினார். அம்மைந்தரே 1837-இல் நகருக்கு வடகிழக்கே நீண்டு கிடக்கும் குன்றுத் தொடரைக் கண்டு, ஸ்பெயின் தேசத்துப் போர்க்களமொன்றில் தம் நண்பர் அடைந்த வெற்றியின் ஞாபகார்த்தமாக அதற்குப் பரோசா என்று நாமகரணம் செய்தார். பெரமாங்க், நட்ஜுரி, கௌர்னா முதலிய ஆதிக்குடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக நடமாடிய அந்த மண்ணிலே, இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் பிரசித்தமான திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும் செழித்து நிற்கின்றன.

மது அருந்தும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் ஒரு தேசத்தின் வியவசாயத்தைக் காண விரும்புகிறவன், அதன் விளைபொருளை உட்கொண்டே தீரவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லையாதலால், மார்ச் மாதத்துச் சனிக்கிழமையொன்றின் விடியற்காலையில், அடிலெய்டில் நெடுங்காலமாக வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பரொருவருடன் காரில் புறப்பட்டேன். நண்பருக்கு என் விரதத்தைப் பற்றி ஒரு குறை இருந்தது. "குடிக்காத ஆளைக் கூட்டிக்கொண்டு வைன் நாட்டுக்குப் போறன், அண்ணை. சனம் என்னைப் பாத்துச் சிரிக்கப்போகுது" என்றார். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.

கௌலர் என்னும் சிற்றூரைக் கடந்ததும் நாட்டின் தோற்றம் மாறுகிறது. கோதுமை அறுத்த தாள் பொன்னிறமாய்க் காய்ந்து கிடக்கும் சரிவுகளும், ஆங்காங்கே தனித்து நிற்கும் முதிய யூகலிப்டஸ் மரங்களும் சிறிது தூரம் உடன்வந்து, பின்னர்த் திராட்சை வரிசைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. தென்கோளத்தில் மார்ச் மாதம் இலையுதிர் காலத்தின் தொடக்கம். திராட்சை அறுவடையின் மத்திய காலமும் அதுவே. பகல் வெப்பத்தில் பழம் நலிந்துபோகாமல் இருக்கும்பொருட்டு இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் யந்திரங்களைக் கொண்டு பறிக்கிறார்களாம். அவ்வாறு பறித்த பழத்தைத் தொட்டி தொட்டியாக ஏற்றிய லாரிகள் எங்களுக்கு முன்னே ஊர்ந்துகொண்டிருக்க, நொதிக்கத் தொடங்கிய பழச்சாற்றின் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை சாலை நெடுகிலும் நிறைந்திருந்தது. குடிக்காதவனுக்கும் இந்நாடு கொடுக்கும் முதல் உபசாரம் அதுதான்.

ஆங்காஸ்டன் என்னும் ஊருக்கருகே, பழைய கொட்டகைகளில் சனிக்கிழமை காலைதோறும் குடியானவர் சந்தை கூடுகிறது. ஒரு பெஞ்சின் மீது அன்றைய ரொட்டி. அடுத்ததில் தேனும் ஆலிவ் காய்களும் பாதாமும். அதற்கும் அப்பால் வெயிலில் உலர்த்திய ஆப்பிரிகாட் பழம், ஆட்டுப்பால் சீஸ், மண் ஒட்டிய உருளைக்கிழங்கு. புகையூட்டிப் பதப்படுத்திய பன்றிமாமிச வகைகள் இப்பிரதேசத்தின் தனிப் பெருமை என்றார்கள். மாமிசம் உண்ணாத நான் அவற்றின் புகைமணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு நகர்ந்தேன். என்னை நிறுத்தி வைத்தது வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய். பிஞ்சுகளை உப்புநீரில் இட்டு, நம் நாட்டில் சதகுப்பை என்று மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதன் தழையையும் பூங்கொத்தையும் இடையிடையே பரப்பி, திராட்சை இலைகளையும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். இலை எதற்கு என்று கேட்டேன். விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, பிஞ்சு குழைந்துபோகாமல் கடிப்பதற்கு மொறுமொறுவென்று இருக்க அதுவே உபாயம் என்றும், தம் பாட்டியார் கைப்பக்குவம் என்றும் சொல்லி, ஒரு துண்டை நறுக்கி நீட்டினார். அந்தப் பாட்டியாரின் முன்னோர் இந்த உபாயத்தை எங்கிருந்து கொணர்ந்தனர் என்பதே இப்பள்ளத்தாக்கின் கதை.

அதை உணர்வதற்கு உகந்த இடம் மெங்லர் குன்று. ஆங்காஸ்டனிலிருந்து டனுண்டா என்னும் ஊருக்கு இறங்கும் சாலையில், குன்றின் விளிம்பில் நின்று நோக்கினால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. வரிசை வரிசையாகத் திராட்சை. வரிசைகளுக்கு நடுவே தேவாலயங்களின் கூரிய கோபுரங்கள். ஒவ்வொரு சிறு கிராமத்துக்கும் ஒரு கோபுரம் என்றால் மிகையாகாது. பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம், தம் ராஜ்யத்திலிருந்த லுத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, எல்லாரும் ஒரே வழிபாட்டு முறையைக் கைக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டபோது, சைலீஷியா முதலிய பகுதிகளில் வாழ்ந்த பழைய லுத்தரன்மார்கள் இணங்க மறுத்தார்கள். அவர்களுடைய போதகர்கள் தண்டிக்கப்பட்டனர். ஆகஸ்ட் காவெல் என்னும் போதகர் லண்டன் சென்று, தென் ஆஸ்திரேலியாவில் பெருநிலம் வாங்கியிருந்த ஜார்ஜ் ஃபைஃப் ஆங்காஸ் என்னும் செல்வரைச் சந்தித்து உதவி வேண்ட, அவர் தந்த பணத்தைக் கொண்டு 1838-இல் முதற் கூட்டத்தார் கப்பலேறினர். தம் முன்னோர் ஜபித்தபடி ஜபிப்பதற்காகவே பூமியின் மறுபாதிக்குப் பெயர்ந்த எளிய குடியானவர்கள் அவர்கள். ஒயின் செய்து செல்வம் சேர்க்கும் உத்தேசத்துடன் வந்தவர்களல்லர்.

குன்றிலிருந்து இறங்கியதும் வருவது பெத்தனி. 1842-இல் இப்பள்ளத்தாக்கில் எழுந்த முதல் ஜெர்மானியக் கிராமம் இதுவே. ஒரே தெரு, தெருவை ஒட்டி வீடுகள், ஒவ்வொரு வீட்டின் பின்னும் நிலம் நாடாவைப் போல ஒடுங்கி நீண்டு ஓடைவரை செல்கிறது. சைலீஷியாவில் நிலத்தை எப்படிப் பங்கிட்டார்களோ அப்படியே இங்கும் பங்கிட்டுக்கொண்டார்கள். எவருக்கும் தெருவும் உண்டு, எவருக்கும் நீரும் உண்டு. மாடு, பன்றி, காய்கறி, கனிமரம், சிறிது திராட்சை என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, வாங்கிய கடனை வட்டியுடன் தீர்த்தார்கள். 1847-இல் ஜேக்கப்ஸ் கிரீக் என்னும் சிற்றோடையருகே ஜோஹான் கிராம்ப் என்பவர் வியாபாரத்துக்கென்றே திராட்சை நட்ட பின்னரே இந்நாட்டின் விதி மாறத் தொடங்கிற்று. நான் சென்றபோது பெத்தனியின் தெருவில் நடமாட்டமே இல்லை. வீட்டு வேலியோரத்தில் அத்திமரங்களும் குவின்ஸ் மரங்களும் காய்த்துத் தொங்கின. கிராமத்து இடுகாட்டில் கல்லறைகளின் மேல் ஜெர்மானிய எழுத்துகள் மங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பாஷைக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. முதல் உலக யுத்தத்தின்போது, மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பகைவராகக் கருதப்பட்டனர். 1917-இல் லுத்தரன் பள்ளிகள் சட்டத்தால் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு தென் ஆஸ்திரேலியா முழுவதிலும் 69 ஊர்களின் ஜெர்மானியப் பெயர்கள் அழிக்கப்பட்டு வேறு பெயர்கள் இடப்பட்டன. இப்பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்கும் கைசர்ஷ்டூல் என்னும் சிகரம்கூட, ஆங்கிலத் தளபதி கிச்னரின் பெயரைத் தரித்துக்கொண்டு 1975 வரை நின்றது. வீதியில் வாய்மூடிக்கொண்டவர்கள் அடுக்களையிலும் அடுப்பிலும் தங்கள் மரபைக் காப்பாற்றினார்கள் போலும்! டனுண்டாவில் 1924-இல் தொடங்கிய ஏபெக்ஸ் என்னும் ரொட்டிக்கடையில் இன்றும் விறகு எரித்தே அடுப்பைச் சூடாக்குகிறார்கள். 1861-இல் அவ்வூரில் கூடிய லீடர்டாஃபெல் என்னும் ஆடவர் பாடகர் சபை இன்னும் கலையவில்லை. வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் உதிரியாகப் பிசைந்து மேலே தூவிச் சுட்ட ஷ்ட்ராய்செல்கூகன் என்னும் அப்பம் கடைக்குக் கடை கிடைக்கிறது.

நண்பகல் ஆகாரத்தின் முடிவில் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. கருஞ்சிவப்பு நிறத்தில், பாலேடு ஊற்றிய கிண்ணமொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரோட்டெ குரூட்ஸெ என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் சிவந்த சிறு பழங்களைக் கொண்டு செய்யும் இந்தப் பண்டத்தைப் பரோசாவின் பெண்டிர் அறுவடைக் காலத்துத் திராட்சைச் சாற்றைக் கொண்டு செய்தார்கள். அதைக் கெட்டிப்படுத்த அவர்கள் சேர்த்ததோ நம்முடைய ஜவ்வரிசி! கண்ணாடி மணிகள் சிவந்து மின்னுவதைக் கண்டதும் நண்பர், "பாயசம்தான், அண்ணை. ஏலக்காய் மட்டும்தான் இல்லை" என்று தீர்ப்பளித்துவிட்டார். ஒயினாக மாறவிருந்த ஷிராஸ் என்னும் திராட்சை, மாறுவதற்கு முன்பே என் விரதத்துக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் இந்நாட்டை அறிய விரும்புகிறவன் கடைசியில் கொடியின் அருகே சென்று நிற்க வேண்டும். டனுண்டாவின் அருகிலுள்ள லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்டதாகக் கூறப்படும் ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அவ்வினத்தில் உலகின் மிகப் பழைய தோட்டங்களுள் ஒன்று அது. கொடி என்று பெயரேயன்றி, அவை முறுக்கேறிக் கறுத்த அடிமரங்கள். தோட்டத்தின் ஓரத்தில், உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. அந்தத் தடைக்குக் காரணம் ஃபைலோக்ஸெரா என்னும் கண்ணுக்கு அரிதான பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து வந்து 1860-களில் பிரான்ஸ் தேசத்துக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கிய அது, ஐரோப்பா முழுவதிலும் பெருநாசம் விளைவித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதைத் தவிர வேறு பரிகாரம் காணப்படவில்லை. 1877-இல் அண்டை மாநிலமாகிய விக்டோரியாவின் ஜீலாங் நகரருகே அப்பூச்சி தென்பட்டபோது தென் ஆஸ்திரேலியர் விழித்துக்கொண்டனர். 1899-இல் சட்டமியற்றிக் கொடியும் கிளையும் எல்லை தாண்டி வாராமல் தடுத்தார்கள். செருப்பின் மண்ணிலும் அப்பூச்சி ஒளிந்து வருமாதலால், இன்றுவரை அந்நியர் காலடிக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தின் பயனாக, ஐரோப்பாவில் அழிந்துபோன பழங்குலத்தின் வாரிசுகள் இங்கே தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பரோசாவில் கொடிகளுக்கு வயதுப்படி பட்டமும் உண்டு: 35 ஆண்டு கடந்தது பழங்கொடி, 70 கடந்தது தப்பிப் பிழைத்தது, 100 கடந்தது நூற்றாண்டுக் கொடி, 125 கடந்தால் மூதாதை.

பலகைக்கு இப்பால் நின்றபடியே, பக்கத்துத் தோட்டத்தின் முதிய குடியானவரொருவருடன் பேச வாய்த்தது. அவருடைய பழைய கொடிகளைப் புகழ்ந்தேன். அவர் சிரித்துவிட்டு, "இவற்றைப் பிடுங்கி எறிவதற்குச் சர்க்காரே பணம் கொடுத்த காலம் ஒன்று உண்டு, தெரியுமா?" என்றார். 1980-களில் திராட்சை விளைச்சல் தேவைக்கு மிஞ்சிவிட்டது. முதிய கொடியோ குறைவாகக் காய்ப்பது. சிவப்பு ஒயினை விரும்புவோரும் அருகியிருந்தனர். எனவே நிலத்தின் பரப்பைப் பார்த்து மானியம் தந்து கொடிகளை வேரோடு களைய அரசாங்கம் திட்டம் வகுத்தது. மூன்று தலைமுறை வளர்த்த கொடிகள் யந்திரச் சங்கிலியில் கட்டுண்டு பிடுங்கப்பட்டு, குவியல் குவியலாக எரிந்தன. "உங்கள் தந்தையார் ஏன் பிடுங்கவில்லை?" என்று கேட்டேன். "பிடிவாதம்" என்று ஒரே சொல்லில் விடையிறுத்தார். சற்றுப் பொறுத்து, "பாட்டனார் நட்டதைப் பிடுங்கினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் முகத்தில் விழிப்பது?" என்று சேர்த்துக்கொண்டார். பத்தாண்டுகள் கழிவதற்குள், அந்தப் பிடிவாதக்காரர்களின் பழத்துக்கே உலகச் சந்தை ஏங்கியது.

அக்காலத்து மற்றொரு மனிதரைப் பற்றியும் அவர் சொன்னார். பீட்டர் லேமன் என்பவர் ஓர் ஆலையில் ஒயின் பக்குவம் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர். பழம் மலிந்து விலை வீழ்ந்த சமயத்தில், குடியானவர்களிடம் இனிக் கொள்முதல் வேண்டாமென்று முதலாளிகளின் கட்டளை வந்தது. பல்லாண்டுகளாக எழுத்துப் பத்திரமின்றிக் கைகுலுக்கிப் பேசிய வாக்கை மீற மனம் ஒப்பாத லேமன், கூட்டாளிகளைத் தேடிப் பணம் திரட்டி, அந்தப் பழத்தையெல்லாம் வாங்கும் பொருட்டே 1979-இல் தனி நிறுவனம் கண்டார். கதையொன்றில் வரும் மாஸ்டர்சன் என்னும் சூதாடியின் பெயரையே அதற்கு வைத்ததில், தாம் இறங்கிய காரியம் எத்தகைய பந்தயம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது விளங்குகிறது. பந்தயம் பலித்தது. அவர் 2013-இல் காலமானார். இன்றும் குடியானவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் சற்றுத் தணிகிறது.

நூரியூட்பா என்னும் ஊருக்கு அருகே மேகி பீர் என்னும் அம்மையாரின் பண்ணை இருக்கிறது. 1973-இல் கணவருடன் இங்கு வந்து பறவை வளர்க்கத் தொடங்கியவர், பின்னர் ஆஸ்திரேலியா முழுவதும் அறிந்த சமையற்கலை வல்லுநரானார். பழுக்காத திராட்சையைப் பிழிந்தெடுக்கும் புளிப்புச் சாற்றை ஐரோப்பியச் சமையலில் முற்காலத்தில் பயன்படுத்திவந்தார்கள். இந்த அம்மையார் 1984-இல் அதை வியாபார அளவில் தயாரித்தார். சிறு கரண்டியில் வாங்கிச் சுவைத்தேன்: புளியின் கனமும் எலுமிச்சையின் கூர்மையும் இல்லாத மெல்லிய புளிப்பு. விலைபோகாத பழத்துக்கு ஒரு வழி காண வேண்டுமென்ற கவலையே இந்த முயற்சிக்கு வித்திட்டது என்று கேட்டபோது, காலையிலிருந்து கண்டவையெல்லாம் ஒரே திசையில் வந்து சேர்வது புலப்பட்டது.

மாலை வெயில் சாயத் தொடங்கும் வேளையில் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு ஒயின் ஆலைக்குச் சென்றோம். சைலீஷியாவிலிருந்து வந்த ஜோசப் செப்பெல்ட் 1851-இல் இங்கு நிலம் வாங்கியது புகையிலை பயிரிடுவதற்காக. அது இம்மண்ணில் சரிப்படாமற்போகவே திராட்சைக்குத் திரும்பினார். சாலையின் இருமருங்கிலும், தோட்டங்களின் ஓரங்களிலும், குன்றின் மேல் அக்குடும்பத்தார் துயிலும் சமாதி மண்டபம் வரையிலும் பேரீச்ச மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். 1930-களின் பொருளாதார மந்தத்தில், ஆலையில் வேலை குறைந்தபோது தொழிலாளரை வீட்டுக்கு அனுப்ப மனமின்றி, அவர்களைக் கொண்டு நடுவித்த மரங்கள் அவை என்று பின்னர் அறிந்தேன்.

உள்ளே, மாடத்துக் கிடங்கில், ஜோசப்பின் மகன் பென்னோ 1878-இல் தொடங்கிய ஓர் அதிசயம் இருக்கிறது. புதிய கிடங்கு கட்டி முடிந்ததைக் கொண்டாட, மிகச் சிறந்த ஒயினை 500 லிட்டர் பீப்பாய் ஒன்றில் நிரப்பி, நூறு ஆண்டுகள் வரை எவரும் இதை எடுக்கலாகாது என்று அவர் கட்டளையிட்டார். அது முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீப்பாய் வைக்கப்பட்டு வருகிறது. யுத்தம் வந்த ஆண்டும் வைத்தார்கள். மந்தம் வந்த ஆண்டும் வைத்தார்கள். 1978 முதல், ஆண்டுக்கொன்றாக நூறு நிரம்பியவை வெளியே வருகின்றன. மரத்தின் நுண்துளை வழியே ஆவியாகிப் பெரும்பகுதி மறைந்துபோக, எஞ்சியது கறுத்துப் பாகாகிறது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் நாட்டு வழக்கு. பென்னோ 1931-இல் மாண்டார், பார்ப்பதற்கும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வருவோர் பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்தே சிறிது ஊற்றித் தருவது அங்கே சம்பிரதாயம். என் ஆண்டைக் கேட்டு ஊற்றிய கிண்ணத்தை நான் முகர்ந்து பார்த்துவிட்டு நண்பரிடம் கொடுத்தேன். உலர்ந்த திராட்சையும் கருகிய வெல்லமும் பழைய தேக்குப்பெட்டியும் சேர்ந்த மணம். காரோட்டும் பொறுப்பை உத்தேசித்து அவரும் நாவை நனைத்ததோடு நிறுத்திக்கொண்டு, "உங்கடை வயதுதான், அண்ணை, ஆனால் இது உங்களைவிட நல்லாப் பதப்பட்டிருக்கு" என்றார்.

விளைநிலத்தின் பெருமையை மண்ணிலும் மழையிலும் தேடுவது வழக்கம்; நானும் அப்படியே தேடிச் சென்றேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் இன்று பிரயாணிகள் வந்து காணும் ஒவ்வொரு சிறப்பும், யாதேனும் ஒரு கெட்ட காலத்தில் யாரோ சிலர் நடந்துகொண்ட விதத்தின் விளைவு. மன்னனின் நெருக்குதலால் வந்தன கோபுரங்கள். பூச்சியின் அச்சத்தால் பிழைத்தன கொடிகள். மந்தத்தால் முளைத்தன பேரீச்சைகள். மலிவால் பிறந்தது லேமனின் ஆலை. நல்ல காலத்தில் எல்லாரும் திராட்சை நடுவார்கள். அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

அத்தகைய கெட்ட காலம் ஒன்று இப்போதும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயினை மிகுதியாக வாங்கிய சீனா, 2021-இல் 218 சதவீதம் வரை சுங்கவரி விதித்து வாசலை அடைத்தது. 2024 மார்ச்சில் வரியை நீக்கிய பின்னரும், தேங்கிய சிவப்பு ஒயினின் சுமை குடியானவர் தலையிலிருந்து இறங்கிவிடவில்லை. கொடிகளைப் பிடுங்கிவிடலாமா என்ற பேச்சு மறுபடியும் வேலியோரங்களில் கேட்கிறது. பகலில் பேசிய முதியவரும் அதை மறைக்கவில்லை. தம் மகன் கணக்குப் போட்டுக் காட்டியதாகவும், கணக்கு மகன் பக்கமே இருப்பதாகவும் சொன்னார். "என்ன செய்வதாக உத்தேசம்?" என்றேன். இவ்வாண்டு அறுவடை முடியட்டும், கிளை நறுக்கும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிளை நறுக்குகிறவன் அடுத்த ஆண்டும் காய்க்க வேண்டுமென்று நினைத்தே கத்தியை எடுக்கிறான். ஆகவே அம்முதியவர் என்ன முடிவு செய்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.